சுசீந்திரம் தொட்டில் ராட்டினம்

1953 டிசம்பர் கடைசியில், அரைப் பரீட்சை விடுமுறை தொடங்கிய மறுநாள், மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குக் காலை ரயிலில் புறப்பட்டேன். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு கூஜா. தேரூரில் என் அக்கா வீட்டில் வளரும் பகவதியை என்னோடு அழைத்து வருவதற்காகப் போனேன். அவளுக்கு எட்டு வயது. அவளைப் பெற்றவள் நான். அது அவளுக்குத் தெரியாது. என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள்.

என் கணவர் குடற்காய்ச்சலில் இறந்தபோது நான் ஐந்து மாதக் கர்ப்பம். நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. கலியாணமாகிப் பதினொரு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்தே குழந்தையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போனேன். பிறகு மதுரையில் வேலை. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து விடுதிகளில் எட்டு வருடம் இருந்துவிட்டு, வேலை நிரந்தரமானதும் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்து, அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் ஒரு கார்டில் வந்தது. "நீயே வந்து சொல்லு. பிள்ளை சம்மதிச்சா கூட்டிட்டுப் போ. சுசீந்திரத்தில் திருவிழா நடக்கு. அவளைக் கொண்டு காட்டினது போலவும் ஆச்சு."

அக்கா இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

பகல் பன்னிரண்டு மணி. திருநெல்வேலி சந்திப்பில் இறங்கி நாகர்கோவில் பஸ் பிடித்தேன். ஐம்பது மைல், கட்டணம் ஒன்றே முக்கால் ரூபாய். நாங்குநேரி தாண்டும்வரை இரு பக்கமும் உடைமரமும் செம்மண்ணும்தான். வள்ளியூர், பணகுடி கடந்ததும் வலப்பக்கத்து மலை நெருங்கி வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதமென்றால் காற்று பஸ்ஸையே தள்ளும்; மார்கழியில் அது சாதுவாக இருந்தது. கணவாயைத் தாண்டியதும் நிலமே வேறு. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், குளம், தென்னை. பக்கத்தில் இருந்த தோவாளைப் பூக்கார அம்மாள் காலிக் கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஒத்தைக்கா வாரிய? வீட்டுக்காரரு வரல்லியா?"

"இல்லை" என்றேன்.

அவள் என் நெற்றியைப் பார்த்தாள்.  தோவாளையில் இறங்கும்போது கூடையின் அடியில் ஒட்டியிருந்த நாலு பிச்சிப் பூவை எடுத்து, ஒரு கணம் யோசித்து, "சாமி படத்துக்கு வையுங்க" என்று என் கையில் கொடுத்தாள்.

மாலை நாலு மணி. நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் அத்தான் வில்வண்டியோடு நின்றார். அக்கா புருஷனான அவர் அதிகம் பேசாதவர். பெட்டியை வாங்கி வண்டியில் வைத்து, "பிள்ளை காலைலே இருந்து கேக்கா, சித்தி எப்பம் வருவான்னு" என்றார். அவ்வளவுதான். தேரூர் வரை நாலு மைலும் மாட்டோடுதான் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பகவதியும் நானும் மட்டும் புறப்பட்டோம். அக்கா வாசல்வரை வந்து பகவதியின் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினாள். உடனே அவிழ்த்து மறுபடி கட்டினாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தேரூரிலிருந்து சுசீந்திரம் குறுக்கு வழியில் ஒன்றரை மைல். குளத்தங்கரை மேலேயே நடக்கலாம். மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் பால் பிடித்திருந்தது. பகவதி முன்னால் ஓடுவதும், நின்று என்னைக் கூப்பிடுவதுமாக வந்தாள்.

"சித்தி, மதுரைல வயல் உண்டா?"

"ஊருக்கு வெளியே உண்டு."

"அப்பம் ஊருக்குள்ள என்ன உண்டு?"

தெரு உண்டு, கடை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு என்றேன். சொல்லும்போதே, அவளுக்கு ஆசை காட்டப் போதுமானவை அவற்றில் எதுவும் இல்லையே என்று பட்டது.

கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தெப்பக்குளத்துக்கு அப்பால் இருந்த திடலுக்குப் போனோம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: திடல் முழுக்க வேடிக்கைப் பந்தல்கள். நுழைந்ததும் குடை ராட்டினம். மரக்குதிரை ஆறு, யானை இரண்டு, கழுத்து ஒடிந்த ஒட்டகம் ஒன்று. நாலு சுற்றுக்கு அரையணா. அதை அடுத்து மரணக் கிணறு. பலகையால் கட்டிய கிணற்றுக்குள் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான், இரண்டணா. பகவதி அந்தச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது பந்தலுக்குக் 'கடலுக்குள்' என்று பெயர் எழுதியிருந்தார்கள். உள்ளே மேலும் கீழும் நீலத் துணி. ஓரத்தில் இரண்டு பேர் துணியை ஆட்டிக்கொண்டே இருக்க, அலை போல அசைகிறது. நடுவில் கம்பியில் தொங்கும் காகித மீன்கள், களிமண் ஆமை, கடைசியில் ஒரு பாறைமேல் வெள்ளித்தாள் வால் கட்டிய கடல்கன்னி. கடல்கன்னிக்குச் சளி பிடித்திருந்தது. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பகவதி அவளிடமே போய், "கால் வலிக்கல்லியா? இப்படியே இருக்கியளே" என்று கேட்டாள்.

"வலிக்கத்தான் செய்யுது தாயி. ஆறு மணிக்கு இறங்கிருவேன்" என்றாள் கடல்கன்னி. மதுரைப் பக்கத்துப் பேச்சு. 

கண்ணாடி மாளிகை ஓரணா. உள்ளே பத்துக் கண்ணாடிகள். ஒன்றில் பூசணிக்காய் போல இருந்தோம், ஒன்றில் முருங்கைக்காய் போல. பகவதி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். கடைசிக் கண்ணாடி மட்டும் எந்தக் கோணலும் இல்லாத சாதாரணக் கண்ணாடி. அதன் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர், "அம்மையும் மகளும் சேந்து நில்லுங்க. உள்ளது உள்ளபடி தெரியும்" என்றார்.

'சித்தியாக்கும்' என்று அவள் திருத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் திருத்தவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். தன் முகத்தைப் பார்த்தாள். விக்கல் நின்றிருந்தது. என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஐந்தரை மணி. திடலின் கடைக்கோடியில் தொட்டில் ராட்டினம். தேக்குச் சட்டத்தில் எட்டுத் தொட்டில்கள். மோட்டார் கிடையாது. நாலு ஆட்கள் சட்டத்தின்மேல் குரங்கு போல ஏறி, தங்கள் எடையைப் போட்டுச் சுற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு தொட்டிலாக நிறுத்தி ஆள் ஏற்ற வேண்டும். அதனால் முதலில் ஏறியவர்கள் உச்சியில் வெகுநேரம் தொங்க வேண்டியதுதான். ஆளுக்கு ஓரணா. எனக்கு உயரம் என்றால் பயம். ஆனாலும் அங்கேதான் சொல்வது என்று தீர்மானித்தேன். அங்கே யாரும் வந்து குறுக்கிட முடியாது.

ஏறினோம். மேலே போனோம். நின்றது. கோபுரம் எங்களுக்கு எதிரே, கீழே பழையாறு, கிழக்கே மருந்துவாழ்மலை கறுத்துக் கிடந்தது. தெற்கே வயல்களும் தென்னைகளும் முடியும் இடத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. தொட்டில் காற்றில் கிறீச்சிட்டது. நான் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன்.

"பகவதி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"உங்க அம்மை..." என்று தொடங்கினேன்.  மதுரையில் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம் அது.

அவள் கீழே இருந்த கூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்கதான் என்னப் பெத்ததுன்னா? எனக்குத் தெரியும்."

தொட்டில் ஆடியது. கீழே யாரோ ஏறுகிறார்கள்.

"யாரு சொன்னா?"

"கூடப் படிக்கவ ஒருத்தி. போன வருசமே சொல்லிட்டா."

"அம்மைகிட்டக் கேட்டியா?"

"இல்ல. கேட்டா அம்மை அழுவா." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்னு நீங்களும் அம்மைகிட்டச் சொல்லப்பிடாது, என்னா?"

சரி என்று தலையாட்டினேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். எட்டு வருடம் காத்திருந்தவளால் முடியவில்லை.

"எங்கூட மதுரைக்கு வருவியா மக்கா? பள்ளிக்கூடத்துல எல்லாம் பேசி வச்சிருக்கேன்."

 அவள் உண்மையிலேயே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது.

"அம்மைக்குத் தினமும் படுக்கப்போற நேரம் கால் குடையும் சித்தி. நாந்தான் மேல ஏறி நின்னு சவுட்டி விடுகது. அப்பாக்குக் கனம் கூடுதல். அப்பா சவுட்டினா வலிக்கும்." பிறகு, "நீங்க இஞ்ச வந்து இருக்கப்பிடாதா?" என்றாள்.

"எனக்கு அங்கதானே வேலை."

"அங்க ஒத்தைக்கா இருக்கியளா?"

"ஆமா."

"பயமா இருக்காதா?"

"பழகிப் போச்சு" என்றேன்.

அவள் நகர்ந்து வந்து, கம்பியைப் பிடித்திருந்த என் கைமேல் தன் கையை வைத்தாள். அப்போது கீழே எல்லாத் தொட்டிலும் நிறைந்துவிட்டது போலும். ஆட்கள் கூவினார்கள். ராட்டினம் சுற்றத் தொடங்கியது. இறங்கும்போதெல்லாம் அவள் வீறிட்டுச் சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இறங்கியபோது என் கன்னம் நனைந்திருந்ததைக் கண்ட ராட்டினக்காரர், "பயந்துட்டியளா அம்மா? மொதத் தடவை அப்பிடித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார்.

வீடு திரும்பும்போது வயல்வரப்பில் இருட்டிவிட்டது. அவளுக்கு ஒரு ஜோடி கண்ணாடி வளையல், அக்காவுக்கு ஒரு ஏத்தன் வாழைப்பழச் சீப்பு, இவ்வளவுதான் வாங்கியிருந்தோம். அக்கா அடுக்களையில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். 

"சொல்லிட்டியாட்டி?"

"இல்லக்கா. சொல்லாண்டாம்னு தோணிச்சு. இஞ்சயே இருக்கட்டும்."

அக்கா அம்மிக்கல்லின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "உனக்குன்னு ஆரும் இல்லியே கோமு" என்றாள். நான் பழச்சீப்பை ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனேன்.

சாப்பாடு முடிந்து பாய் விரித்ததும் அக்கா குப்புறப் படுத்தாள். பகவதி சுவரைப் பிடித்துக்கொண்டு, புது வளையல் குலுங்க, அக்காவின் கெண்டைக்காலில் ஏறி மெதுவாக மாறி மாறி மிதித்தாள். எத்தனை அழுத்தம் வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். நான் அடுத்த பாயில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறை இன்னும் ஆறு நாள் இருந்தது. நான் மறுநாள் காலையே கிளம்பினேன்.

மதுரையிலும் சித்திரையில் ராட்டினம் வரும். அது இரும்பு ராட்டினம், மோட்டாரில் சுற்றும், எங்கும் நிற்காமல் மூன்று நிமிடத்தில் இறக்கிவிட்டுவிடும். அதில் ஏறியிருந்தால் இரண்டு பேர் பேசிக்கொள்ள நேரமே இருந்திருக்காது. வேறு எந்த வகையிலும் சுசீந்திரத்து ராட்டினத்தை நான் உயர்த்திச் சொல்ல மாட்டேன். சட்டம் ஆடியது, தொட்டிலில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருந்தது.

வாடகை வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் உயரம் குறைந்த ஒரு மேசை வாங்கிப் போட்டிருந்தேன். அதை அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த அறையில் பிறகு நான் அதிகம் நுழையவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள் நாலாம் வகுப்பில், விடுமுறையில் பார்த்ததைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டேன். அவர்கள் சொல்லி முடித்ததும் என்னைச் சொல்லச் சொன்னார்கள். கடல்கன்னியைப் பற்றிச் சொன்னேன். பூசணிக்காய்க் கண்ணாடியைச் சொன்னேன். ராட்டினத்தின் உச்சியிலிருந்து கடல் தெரிந்ததைச் சொன்னேன். முதல் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"யார்கூட டீச்சர் ஏறுனீங்க?"

"எங்க அக்கா மகளோட" என்றேன்.

பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, அன்றைய தேதியை எழுதத் தொடங்கினேன்.