ஸ்டாரும் இறங்கியது, சேனலும் இறங்கியது!

இன்று சாயங்காலம் எங்கள் தெருவே கூடி நின்று ஒரு வீடியோ சேனலுக்கு டாட்டா காட்டினோம்!

(ஆமாம், சேனலுக்குத்தான். கேக்கும் வெட்டினோம்.)

கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நிரோஷா. கல்யாண வீடியோ எடிட் பண்ணுவது அவள் தொழில்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், தெருவில் ஸ்டார் கட்ட ஆரம்பித்த அன்று ஒரு சேனல் தொடங்கினாள். பெயர், 'ஸ்டார் இறக்குற வரைக்கும்'.

எங்கள் தெருவில் சர்ச்சுக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர் என்ற கணக்கே கிடையாது. எல்லார் வாசலிலும் ஸ்டார் தொங்கும்!

தினமும் ஒருவர் தன் வீட்டு ஸ்டாருக்குக் கீழே நின்று, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்டாரை இறக்கும் அன்று மொத்த சேனலும் டெலிட்!

"ஏன்டி அழிக்கணும்? நல்லா ஓடிச்சின்னா இன்னா செய்வே?" என்று கேட்டேன்.

"அழிஞ்சிடும்னு தெரிஞ்சாத்தான்க்கா வாயத் தொறப்பாங்க. இல்லேன்னா எல்லாரும் 'அனைவருக்கும் வணக்கம்'னு ஆரம்பிச்சி அறுத்துடுவாங்க!"

அவள் சொன்னது அப்படியே நடந்தது!

கோழிக்கடைக்காரர் தான் கறி தின்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது என்றார். (கடையில் கூட்டம் குறையவில்லை.)

மைன்ஸில் வேலை பார்த்து ரிட்டயரான தங்கராஜ் மாமா, "கேஜ் கூண்டுல ஷாஃப்ட் குழிக்குள்ள எறங்கறப்போ கண்ண இறுக்கி மூடிக்குவேன். வூட்ல என்னைப் பெரிய வீரன்னு நெனச்சினு இருக்காங்க" என்றார். தெருவே சிரித்தது. அவர் மனைவி மட்டும் அழுதுவிட்டார்.

அப்புறம் என் முறை வந்தது.

எனக்குத் திக்கும். 'ப' வந்தால் ரொம்பத் திக்கும். பெயரோ பெனிட்டா! (பெயர் வைத்தவர்களை ஆண்டவர் மன்னிப்பாராக.)

என் கணவர் சேகர் தங்கமான மனிதர். ஆனால் நான் ஆரம்பிக்கிற வார்த்தையை அவர் முடித்துவிடுவார். ஒருநாள் ஸ்டேஷன் கவுண்டரில் நான் "ப..." என்றதும், "பங்காரப்பேட்டை ரெண்டு!" என்றார். நான் கேட்க வந்தது பாத்ரூம் எங்கே என்று!

பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் ஆபீஸில் எனக்கு பில்லிங் வேலை. போன மாதம் டீம் லீடர் ஆகச் சொன்னார்கள். தினமும் காலை மீட்டிங்கில் பேச வேண்டும். பயந்துபோய் முடியாது என்றுவிட்டேன். வீட்டிலும் சொல்லவில்லை.

சேகர் கடைக்குப் போன நேரம் பார்த்து ஸ்டாருக்குக் கீழே நின்றேன்.

"என் வூட்டுக்காரரு ரொ... ரொம்ப நல்லவரு. ஆனா என் வார்த்தைய நானே மு... மு... முடிக்கணும். லேட்டாவும். ஆனா வந்துடும். ஆபீஸ்ல லீடர் வேலை குடுத்தாங்க. பே... பேசப் பயந்து வேணான்னுட்டேன்."

"திக்கறத மட்டும் கட் பண்ணிடட்டாக்கா?" என்றாள் நிரோஷா.

"வே... வேணாம்டி. அதுவும் நான்தானே."

மறுநாள் காலை வேலைக்குப் போக இருவரும் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் சேகர் போனைத் திறந்தார். என் வீடியோ! அதுவும் ஃபுல் வால்யூமில்! பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போலிருந்தது.

பங்காரப்பேட்டை வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் போட்டார். கோபம் என்றே நினைத்தேன்.

"நான் ஒதவி செய்றதா நெனச்சினு இருந்தேன், பெனி" என்றார் கடைசியில்.

"தெ... தெரியும்ங்க."

"அந்த லீடர் வேலை இன்னும் காலியா கீதா?"

அன்றைக்கே மேனேஜரிடம் போய் நின்றேன். காலியாகத்தான் இருந்தது!

முதல் மீட்டிங்கில், "நான் பே... பேச கொஞ்சம் நேரமாகும், ஸ்வல்ப வெயிட் மாடி" என்று பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் சொன்னேன். வெயிட் பண்ணினார்கள்! அவ்வளவுதான்! இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தேன்?

ஆக, உங்கள் பெனிட்டா இப்போது டீம் லீடர்! (கைதட்டலாம், தப்பில்லை.)

அழியப்போகிற வீடியோ என்பதால்தான் பேசினேன். நிலைத்து நிற்கும் என்றால் சத்தியமாகப் பேசியிருக்க மாட்டேன். நிரோஷா, உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லையடி.

இன்று மூன்று ராஜாக்கள் திருநாள், கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் முடிகிற நாள். சர்ச்சில் பூசை முடிந்து வந்து எல்லா வீட்டிலும் ஸ்டாரை இறக்கினோம்.

"சேனல் இருந்துட்டுப் போவட்டுமே நிரோஷா!" என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். நானும்தான்.

"அழிச்சிடுவேன்னு சொன்னதாலதானே எல்லாரும் பேசுனீங்க? இப்ப வெச்சிக்கினா உங்கள ஏமாத்தின மாதிரி ஆயிடும்" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. சட்டென்று பட்டனை அழுத்திவிட்டாள்.

எல்லாரும் போனைப் பார்த்தோம். ஒன்றுமில்லை. அப்புறம் ஒரே கைதட்டல்!

சேகர் மட்டும் வெறும் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டு நின்றார். "உன் வீடியோவ தெனம் ஒருவாட்டி பார்ப்பேன் பெனி. இனிமே எங்க போயி பார்க்கறது?"

"நே..." என்று ஆரம்பித்தேன்.

"நே... நே..."

சேகரின் வாய் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டார். எதற்கும் குறுக்கே பேசும் தங்கராஜ் மாமாகூடக் காத்திருந்தார். தெருவே காத்திருந்தது.

"நேர்லயே பாருங்க!"

விசிலான விசில்! சேகருக்கு வெட்கத்தில் முகமெல்லாம் சிரிப்பு!

நிரோஷா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா! இதை யாருமே வீடியோ எடுக்கலியே!"