வீட்டு எண் 31-இன் சவுக்குச் சருகு

தங்கம். பிறப்பு 1951, கொட்டிவாக்கம் குப்பம். கணவர் ரங்கன் 1989 நவம்பரில் கடலில் இறந்தார். கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. அதைத் தங்கம் யாருக்கும் விற்கவில்லை. கடலிலிருந்து திரும்பும் மீனவர்களுக்கு இட்லி அவித்து விற்றுப் பிழைத்தார். அடுப்பெரிக்கக் கடலோரச் சவுக்குத்தோப்பில் உதிரும் சருகை அள்ளிவந்தார். நாளொன்றுக்கு இரண்டு கட்டு. சருகு இல்லாவிட்டால் இட்லி இல்லை.

1994 ஜூன் 14 அன்று, தோப்பிலிருந்து மக்கள் எதை, எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கணக்கெடுக்க மயிலாப்பூரிலிருந்து சுப்பராமன் என்ற ஆய்வு மாணவர் படிவங்களுடன் வந்தார்.

“இன்னாத்துக்கு நைனா கணக்கு? காஸ் அடுப்பு குடுக்கப் போறீங்களா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கேட்டு எழுதிக்கறேன், அவ்வளவுதான்.”

பக்கத்து வீட்டு முத்தம்மா தங்கத்தின் காதருகே குனிந்தார். “புயலப்போ இன்னா ஆச்சு, மறந்துட்டியா? மூணு பேருன்னு எழுதிக்கினு போனான், ஒருத்தருக்குத்தான் அரிசி வந்துச்சு. மூணு மடங்கா சொல்லுடி, பேக்கு.”

குப்பத்தின் வழக்கம் அது. அலுவலகம் எப்படியும் குறைத்தே தரும் என்பதால், எழுத வருபவரிடம் கூட்டிச் சொல்வார்கள். தங்கம் ஆறு கட்டு என்று சொல்லி, வீட்டு எண் 31 என்றிருந்த படிவத்தில் கைநாட்டு வைத்தார். மற்ற அறுபத்தொரு வீட்டாரும் அப்படியே சொன்னார்கள். சுப்பராமன் ஒரு கட்டைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

1995 மார்ச்சில் அறிக்கை வெளிவந்தது. சருகு அளவுமீறி அள்ளப்படுவதால் மண் வளமிழக்கிறது; தோப்பு நீடித்திருக்க மக்கள் நுழைவதைத் தடுக்க வேண்டும் என்றது. ஏப்ரலில் முள்கம்பி வேலி போட்டார்கள்.

தங்கம் பேருந்து ஏறி, கணக்கெடுத்த மயிலாப்பூர் அலுவலகத்துக்குப் போனார்.

“பொய் சொல்லிட்டேன் சார். ரெண்டு கட்டுதான். மாத்தி எழுதிக்கோ.”

எழுத்தர் படிவத்தைத் தேடி எடுத்தார். “இது உன் கைநாட்டுதானே?”

“ஆமா.”

“அன்னிக்கு ஆறு, இன்னிக்கு ரெண்டு. நாளைக்கு வந்து ஒண்ணுமே எடுக்கலன்னுவ. போம்மா.”

விறகு வாங்கி எரித்தால் இட்லி கட்டுப்படியாகவில்லை. ஜூலையில் தங்கம் ரங்கனின் கட்டுமரத்தைக் கயிறு அவிழ்த்துப் பிரித்தார். நான்கு மரங்கள். கோடரி பிடித்தவர் முத்தம்மா. ஐந்து வாரம் எரிந்தது. அதன்பின் தங்கம் அபிராமபுரத்தில் பாத்திரம் தேய்க்கப் போனார்.

1996 ஜனவரியில் காகித ஆலை ஒன்றுக்காகத் தோப்பு முழுவதும் வெட்டப்பட்டு லாரிகளில் ஏறியது. வேலியைப் பிரிக்கவில்லை.

அறிக்கை 1997இல் திருத்தமின்றி மறுபதிப்பாயிற்று. பக்கம் 14, வீட்டு எண் 31, நாளொன்றுக்கு எடுக்கும் சருகு: ஆறு கட்டு.