குழாயடியில் இரண்டு காரணங்கள்

தீபாவளியன்று காலை ஏழு ஐந்துக்குக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது வாசற்படியில் கிடந்த செய்தித்தாள் துண்டு. ஓரம் கருகிய, நான்கு விரல் அகலத் துண்டு. எங்கள் பக்கம் பழைய பேப்பர் கடைசியில் வெடிக்குச் சுற்றத்தான் போகும். எடுத்து முகர்ந்தால் கந்தக வாடை. ‘என்பதே காரணம் எனத்’ என்ற அளவில் ஒரு வரி மிஞ்சியிருந்தது. எது காரணம் என்பது எரிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் எழுத்துப்பிழை தேடினேன். இல்லை.

இரண்டாயிரத்துகளின் நடுவில் விருதுநகரில் ஒரு நாளிதழுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். குடியிருந்தது சாத்தூர் பக்கத்து ஊர் ஒன்றில், பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஆளேற்றும் தெருவில். ஒரு சீசனில் கம்பெனியில் ஓர் அறை வெடித்து அந்தத் தெருக்காரர்கள் இருவர் இறந்தார்கள். ஒருவர் வெடிமருந்து கலக்கும் கருப்பசாமி. இன்னொருத்தி எதிர்வீட்டுப் பேச்சியம்மாளின் மகள்.

மறுநாள் எங்கள் பேப்பரில் ஒரு சாண் செய்தி. கருப்பசாமி கவனக்குறைவாக மருந்து கலந்ததில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்றது. ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கக் கட்டுரை. கலந்த மருந்து மிஞ்சினால் அன்றே அழிக்க வேண்டும், இரவில் வைத்தால் தானாகச் சூடேறும், ஆர்டர் நெருக்கடியில் அதையே மறுநாள் எடுக்கிறார்கள், அந்த அறையிலும் மிச்சம் இருந்திருக்கலாம் என்றது. முதலாவதில் ஓர் ஆள் இருந்தார், வேறெதுவும் இல்லை. இரண்டாவதில் எல்லாம் இருந்தது, ஆள் இல்லை. இரண்டுக்கும் புரூப் பார்த்தவன் நான். ஒற்றெழுத்துகளை ஒழுங்காகப் போட்டிருந்தேன்.

முதல் செய்தி வந்ததிலிருந்து கருப்பசாமியின் மனைவி முத்துலட்சுமியின் குடத்தைத் தெருக்குழாய் வரிசையில் சேர்க்கவில்லை. வைத்தால் யார் காலாவது தள்ளிவிடும்.

ஞாயிறு காலை என் அறை வாசலில் நின்றாள். “தம்பி, இந்தப் பெரிய சேதிய கொழாயடில வச்சு வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

வாசித்தேன்.

“மொதச் சேதி போட்டதும் இவுகதான?” என்றாள் ஒருத்தி. “அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு என்ன போடுவீக?” இரண்டு பேர் சிரித்தார்கள்.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. “அவன் பண்ணலன்னு இதுல எங்கன இருக்கு?”

“அப்படி இல்லக்கா. மருந்து மிஞ்சி இருந்திருக்கலாம்னுதான் போட்டிருக்கு” என்றேன்.

“இருந்திருக்கலாமா?”

பேச்சியம்மாளின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

“இருந்துச்சு. மொத நா ராத்திரி சோறு திங்கயில எம்மக சொன்னா. ‘மருந்து அம்புட்டு மிஞ்சிப்போச்சும்மா, போர்மேன் மூடி வைக்கச் சொன்னாக, நாந்தான் சாக்கப் போட்டு மூடிட்டு வந்தேன்’னா.”

அத்தனை நாள் அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மூடியது மகளின் கை.

தன் குடத்தை எடுத்துவிட்டு, முத்துலட்சுமியின் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.

“பிடிடி. தண்ணி நின்னுரப் போவுது.”

அவள் சொன்னதை எழுதி ஆபீசில் கொடுத்தேன். பேப்பரில் வரவில்லை.

அந்த ஆபீஸ் இருந்த கட்டடத்தில் இப்போது செல்போன் கடை. போன மாதம் அந்தத் தெருவுக்கும் போயிருந்தேன். வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. தெருக்குழாய் இருந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.