பல் தெரிந்த படம்

எங்கள் வீட்டு நடுமுற்றமான வளவின் சுவரில் என் அப்பச்சியின் படம் தொங்குகிறது. அதில் இருப்பவர் என்னைப் பெற்ற அப்பச்சி அல்ல. அவர் பர்மாவில் காலமானபோது நான் நடை பழகிக்கொண்டிருந்தேன். அவரை யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. பிற்பாடு அண்ணனுக்கு மீசை முளைத்ததும், காரைக்குடி போட்டோக் கடைக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் பிடித்து, மீசையை நரைக்க வைத்து, கழுத்தில் ருத்திராட்சம் வரைந்து, "இந்தாங்க, உங்க அப்பச்சி" என்று கொடுத்துவிட்டார். திதி தவறாமல் அதன்முன் விழுந்து கும்பிடுகிறோம். அதாவது நான் என் அண்ணனைக் கும்பிடுகிறேன். அவரும் கும்பிடுகிறார்.

ரங்கூனிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் தேக்கும் பீங்கானும் கொண்டுவருவார்கள். நான் முக்காலியில் நிற்கும் போட்டோப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். என் பிள்ளைகளாவது என்னையே கும்பிட வேண்டும், எனக்குப் பதிலாக இன்னொருவரை அல்ல என்பதுதான் அதற்குள் இருந்த ஆசை.

ஆசை சுலபம், முகம்தான் வரவில்லை. சுவரில் இருந்த முன்னோர் அனைவரும் முழங்காலில் கை ஊன்றி, கொட்டாவியை விழுங்கியவர்களைப் போல இருந்தார்கள். அவர்களைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருப்பேன்! என் முதல் கண்ணாடித் தகட்டைக் கழுவி எடுத்துப் பார்த்தால், நானும் ஒரு கொட்டாவியை விழுங்கியிருந்தேன். அடுத்ததில் வேண்டுமென்றே சிரித்தேன். அது பல்வலியாகப் பதிந்தது. வெளிச்சம் போதாத இடத்தில் நாலு விநாடி அசையாமல் இருக்க வேண்டும். எந்தச் சிரிப்பும் நாலு விநாடி உயிரோடு இருப்பதில்லை.

ஆகவே முற்பகல் வெயில் விழும் வளவுக்கே பெட்டியைக் கொண்டுவந்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த எங்கள் சுவர் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் கன்னத்து நிழல் கரைந்துவிடும், கண் இமைக்கும் நேரம் போதும். பெட்டியிலிருந்து வரும் நீளக் குழாயின் நுனியில், அழுத்தினால் படம் பிடிக்கும் ரப்பர்க் குமிழைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தினேன்.

தூணோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப மூஞ்சியில என்ன வச்சிருக்கீக?"

"கம்பீரம்."

"எனக்குப் பசி மாதிரியில்ல தெரியுது. பலகாரம் எடுத்து வைக்கவா?"

சிரித்துவிட்டேன். கை தன்னால் குமிழை அழுத்திவிட்டது.

அந்தத் தகட்டில் முதல்முறையாக நான் இருந்தேன். கண்ணோரச் சுருக்கம், மயிர் விடைபெற்ற நெற்றி, பந்தியில் கூப்பிடுமுன் உட்கார்ந்துவிட்ட விருந்தாளி மாதிரி மற்றவற்றை முந்தி நிற்கும் அந்த முன்பல், எல்லாம் இருந்தன. எதற்கும் நான் வெட்கப்படவில்லை. அந்த வெட்கத்தை அண்ணன் ஏற்றுக்கொண்டார்.

"ஏண்டா, நாளைக்கு மாலை போடுற படத்துல இளிச்சுக்கிட்டா இருப்பாக? சாம்பிராணி காட்டுறவன் சிரிச்சுருவான்டா."

"சிரிச்சுக்கிட்டே காட்டட்டும் அண்ணே."

"போட்டோக் கடையில குடு. பல்லை மறைச்சு, தலைக்கு நாலு முடியும் வச்சுத் தருவாக."

"அப்படித் தந்தா, அது யாரு?"

"நீதான்."

"அப்ப நான் யாரு?"

அவர் அப்பச்சி படத்தைக் கைகாட்டினார். "அப்பச்சிக்கு எம்புட்டு வரிசையான பல்லு, பாரு."

பார்த்தேன். படத்தில் வாய் மூடியிருந்தது.

எங்கள் வீடுகளில் வளவு எல்லோருக்கும் பொது. அங்கே ஆணி அடிக்கப் பங்காளிகள் அத்தனை பேரும் தலையாட்ட வேண்டும். ஆனால் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை உண்டு. அந்த அறைவாசல் அவனுடையது. என் வாசல்நிலைக்கு மேலே, அப்பச்சியான அண்ணனுக்கு நேர் எதிரே, என் படத்தை மாட்டினேன்.

சில மாதத்தில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நாட்டரசன்கோட்டைச் சம்பந்திகள் வரும் காலையில் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திருப்பி வைத்தேன். குளித்துவிட்டு வந்தால், மறுபடி சுவரைப் பார்த்திருந்தது. அதற்குப் பிறகு நான் படத்தைத் தொடவில்லை. அதன் கீழே போய் நின்றுகொண்டு, உள்ளே வந்த ஒவ்வொருவரையும் அந்த முன்பல் முழுதாகத் தெரிய "வாங்க, வாங்க" என்று சிரித்து வரவேற்றேன். படத்தை மறைத்தால் அசலைப் பார்க்கட்டும்.

"அண்ணன் மகளுக்குக் கல்யாணம்னதும் இம்புட்டுச் சந்தோசமா!" என்றார் ஒரு சம்பந்தி. "ஆமா, மேல அந்தப் படம் ஏன் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு?"

"அதுல இருக்கிறவரு கோவிச்சுக்கிட்டாரு" என்றேன், பல்லை மூடாமல்.

அவர் அதை அடுத்தவரிடம் சொல்ல, அவர் பார்க்க வந்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையைச் சுற்றி இருந்ததைவிட என் வாசலில் கூட்டம் அதிகம். மனைவி ஒரு தட்டோடு கடந்து போகையில் நின்றாள்.

"தாடை வலிக்கலையா?"

"வலிக்கிது."

"அப்ப உள்ள போங்களேன்."

"முதல்ல படம் திரும்பட்டும்."

பந்தி போடுவதற்கு முன் அண்ணனே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி ஏறி, என் படத்தைத் திருப்பி நேராக்கினார்.

"உள்ள போடா. உன்னையவிட அது தேவலை. அது பேசாம இருக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். மேலே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எதிர்ச்சுவரில் அண்ணன், நரைத்த மீசையோடு, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.