கால்கள் மட்டும் விழுந்த படம்

காசிம் என் பால்ய சிநேகிதன். அவன் தங்கச்சி நிக்காஹ்வுக்கு நான்தான் போட்டோகிராபர். ரயிலில் தூக்கிப்போக லேசாக இருக்கட்டும் என்று ஒரு டிரைபாட் வாங்கியிருந்தேன். "கேமராவை மாட்டுற இந்த உருண்டை, பால் ஹெட், உங்க லென்ஸ் கனத்தைத் தாங்காது" என்று கடைக்காரர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தாராவி மண்டப வாசலில் ஒருவழியாகக் குடும்பம் முழுக்க ஒன்றாக நின்றது. "நீயும் வந்து நில்லுலே" என்றார் காசிமின் வாப்பா. டைமரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஓரத்தில் நின்றேன். கிளிக் சத்தம் கேட்டதும் எல்லோரும் பிரியாணிக்குக் கிளம்பினார்கள். நானும் அந்த அவசரத்தில் திரையைப் பார்க்காமலே கேமராவைக் கழற்றிப் பையில் போட்டேன்.

வீட்டில் பார்த்தால், டைமர் ஓடிய நேரத்துக்குள் பால் ஹெட் வழுக்கி, கேமரா தலை குனிந்திருக்கிறது. படத்தில் கால்கள் மட்டும்தான். "கார்டு கெட்டுப்போச்சு" என்று காசிமிடம் பொய் சொன்னேன்.

மறுவருஷம் வாப்பா மவுத்தாகிவிட்டார். "எல்லாரும் சேர்ந்து நின்ன ஒரு படம்கூட இல்லையேலே" என்று காசிம் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லி போனை நீட்டினேன்.

திட்டுவான் என்று நின்றேன். அவன் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு காலாகப் பார்த்தான்.

"எலே, எல்லாம் வாப்பா தச்ச செருப்பு."

நிக்காஹ்வுக்கென்று தன் பட்டறையில் ஒரே சிவப்புத் தோலில் வீட்டார் எல்லோருக்கும் தைத்திருந்தார்.

இப்போது என்னிடம் இருப்பது கனமான டிரைபாட். பால் ஹெட்டை இறுக்கி, லென்ஸைக் கையால் அழுத்திப் பார்க்காமல் ஷட்டரைத் தொடுவதில்லை. அந்தப் படம் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. வரிசையின் ஓரத்தில், அதே சிவப்புத் தோல் செருப்பில், என் கால்களும்.