மதினி ரூம் போட்ட கதை

என் கணவரின் அக்காவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். குளிர் தேசம் ஒன்றில் மகன் வீட்டோடு இருக்கிறார். போன தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் குடும்பத்துக் கல்யாணம் ஒன்று. அதற்கு வருவதாக மதினி போனில் சொன்னதுமே நான் மாடி அறையை ஒழிக்க ஆரம்பித்துவிட்டேன். பாதி ஒழித்திருப்பேன், இரண்டாவது போன் வந்தது.

"எனக்காக ஒண்ணும் மெனக்கெடாதட்டி. வில்லிபுத்தூர்லயே ஓட்டல்ல ரூம் போட்டாச்சு."

கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டேன்.

இது எவ்வளவு பெரிய இடி என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பெரிய தூரம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் சீட் பிடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்க்கதை பேச ஆரம்பிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். மதினியோடு கூடப் பிறந்தவர் என் கணவர் ஒருவர்தான். மாமனார் மாமியார் காலமான பிறகு எங்கள் வீடுதான் மதினிக்குப் பிறந்த வீடு. பிறந்த வீடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெண் ஓட்டலில் தங்கிக் கல்யாணத்துக்கு வந்தால், எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தம்பி பொண்டாட்டி சேர்க்கவில்லை. தம்பியை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அவர் பாட்டுக்குப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். தாலி கட்டி முடிவதற்குள் என் பெயர் மம்சாபுரம் போய், கூமாப்பட்டியைச் சுற்றிவிட்டு, மண்டபத்துக்கே திரும்பி வந்திருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் என்ன பேசினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். சொந்தக்காரர்கள் பேசினால் மட்டும் தாங்காது. கல்யாணத்துக்கு முன்னால் மதினியை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அக்கா ஏன் வர மாட்டேங்கான்னு எனக்குத் தெரியும்" என்றார் என் கணவர். "ஹீட்டிங்தான். நம்ம வீட்டுல அது இல்லல்லா."

அவர் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு மிஷின்தான் காரணமாக இருக்கும் என்று நம்புகிறவர். ஆனாலும் அன்று அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மதினி போனில் பேசும்போது பாதி நேரம் அந்த ஊர் வீட்டின் சூட்டைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும்.

"வெளியிலதாம்ட்டி குளிரு. வீட்டுக்குள்ள அம்புட்டும் கதகதன்னு இருக்கும். சுவரோரமா குழாய்ல வெந்நி ஓடுது. பொட்டிக்கிட்டச் சொன்னா சூட்டை ஏத்தும், எறக்கும். ஆனா இங்கிலீஷ்ல சொல்லணும். நான் சொன்னா அது 'சாரி'ங்கும். ஒடனே பேரன் வந்து என் கிராமரைத் திருத்துவான். அவன் திருத்தி முடிக்கதுக்குள்ள எனக்குக் குளிரே விட்டுரும்."

கேட்டதற்குப் பதில் பேசுகிற அதே மாதிரிப் பெட்டி ஒன்று எங்கள் வீட்டிலும் உண்டு. மதினியின் மகன் வாங்கி அனுப்பியது. எங்களுடையது தமிழ் பேசும். என் கணவர் என்னிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவார் என்பதால் முதலில் எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். ஒரு நாள் அவர் எதையோ உளறிக் கேட்க, "மன்னிக்கவும், நீங்கள் கூறியது எனக்குப் புரியவில்லை" என்றது. எழுவாய் பயனிலை கெடாமல், ஒற்றுப்பிழை இல்லாமல், புரியாததைப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்ட ஒரு மாணவர் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை. அன்றிலிருந்து அதன்மேல் எனக்கு ஒரு மதிப்பு உண்டு.

இப்போது அதனிடமே யோசனை கேட்டார். "வீட்டை எப்படிச் சூடாக்குறது?"

"ராஜபாளையத்தில் தற்போதைய வெப்பநிலை முப்பத்திரண்டு டிகிரி" என்றது.

"ஏ, கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ராஜபாளையத்தில் தற்போதைய வெப்பநிலை முப்பத்திரண்டு டிகிரி."

"அதுதான் பதில். நீங்கதான் வெளங்கிக்கிட மாட்டேங்கீக" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

எங்கள் ஊரில் தை மாதத்து விடியற்காலையில் மலைப்பக்கமிருந்து காற்று கொஞ்சம் சில்லென்று வரும். ஆபீஸ் போகிற நேரத்துக்கெல்லாம் பழையபடி வேர்க்க ஆரம்பித்துவிடும். இந்த ஊரில் ரூம் ஹீட்டர் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார், பாவம். "எதுக்கு அண்ணாச்சி, கோழிக்குஞ்சுக்கா?" என்று கேட்டிருக்கிறார். "எங்க அக்காவுக்கு" என்று இவர் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கோழிப்பண்ணைக்குப் போடுகிற பெரிய பல்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதையும் வாங்கிக்கொண்டு வந்து, ஆன்லைனிலும் ஒரு ஹீட்டருக்கு ஆர்டர் போட்டார்.

அதோடு விட்டாரா? சூடு வெளியே போகக்கூடாது என்று ஜன்னல் இடுக்குகளையெல்லாம் அடைக்கக் கிளம்பினார். அதற்கு வேறு ஊர்க்காரர்கள் எதைத் தேடுவார்களோ தெரியாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பேண்டேஜ் தறி போட்டிருக்கிறார். அவரிடமிருந்து சுருள் சுருளாகப் பேண்டேஜ் துணி வாங்கிவந்து, மடித்துச் செருகி, மேலே பிளாஸ்திரியும் போட்டு ஒட்டினார். வேலை முடிந்தபோது மாடி அறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய கோலத்தில் இருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. ஊட்டிக்குப் போய்வந்த டீச்சரிடம் கம்பளி இரவல் வாங்கினேன், சுக்குக் காப்பிப் பொடி அரைத்து வைத்தேன், குளிக்கிற அறையில் வெந்நீர் ஹீட்டர் மாட்டச் சொன்னேன். பழி என் தலையில் விழப்போகிறது என்கிற பயத்தில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

ஹீட்டர் வந்த அன்று நடுமத்தியானம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சோதனை செய்தார். செத்த நேரம் கழித்து வெளியே வந்தபோது குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவர் மாதிரி இருந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, நடையில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை இருவருமாகக் கார் எடுத்துக்கொண்டு மதினியைக் கூட்டிவரப் போனோம். மடவார் வளாகம் போகிற வழியில் புதிதாகக் கட்டிய ஓட்டல். கதவைத் தட்டினோம். மதினி வந்து திறந்தார். உள்ளே காலை வைத்ததும் எனக்குப் பல் கிட்டித்தது. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, குளிரலையா?" என்றார் என் கணவர்.

"ஏலே, குளிரணும்னுதானலே போட்டிருக்கு? அங்க சூட்டுலயே கெடந்து கெடந்து எனக்குத் தலை வெடிக்கி."

என் கணவர் அந்த இடத்திலேயே தோற்றுப்போனார். இருந்தாலும் செய்த வேலையைக் காட்டாமல் விட மனசில்லை. "ஒரு தடவை வந்து பாரு, பொறவு சொல்லு" என்று கெஞ்சி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

மாடி அறையைப் பார்த்ததும் மதினி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இந்த ரூமுக்கு என்னலே ஆச்சு? எங்கயும் விழுந்துட்டா?"

கணவர் ஹீட்டர் சுவிட்சைப் போட்டார். வீடு முழுக்கக் கரண்ட் போனது. மதினி மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே, "எனக்காகவாலே இம்புட்டும் செஞ்ச?" என்று கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. இனிமேல் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு கீழே வந்தவர் நேராக அடுப்படிக்குள் நுழைந்தார். "வெங்காயத்தக் குடு" என்றார். "நீங்க உக்காருங்க மதினி" என்று கத்தியைப் பிடுங்கினேன். இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டார். வெங்காயம் நறுக்கினார், குழம்பைக் கிளறினார், உப்புப் பார்த்தார், தம்பிக்கு இலை போட்டுப் பரிமாறினார். சாப்பிட்ட கையோடு அடுப்பு மேடையையும் துடைத்தார். துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு, "சரி, என்னைய ஓட்டல்ல கொண்டு விட்டுருங்க" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நானே கொண்டு விடுதேன்" என்று சொல்லி ஆட்டோவைக் கூப்பிட்டேன். வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் அறைக்குள் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று சேர்த்துவைத்திருந்தேன்.

"மதினி, நான் உங்களுக்கு என்ன கொறை வச்சேன்? நாளைக்கு மண்டபத்துல எல்லாரும் என் மூஞ்சியத்தான பாப்பாக? உங்க தம்பியவா கேப்பாக?"

மதினி என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தார்.

"நீ ஒரு கொறையும் வைக்கலட்டி. உன் வீட்டுக்கு வந்தா என்னால சும்மா இருக்க முடியாது. இன்னைக்குப் பாத்தல்லா? நீ வேண்டாம்னாலும் கை தன்னால போகுது. அங்கயும் அதுதான். மகனுக்கு ஒரு நேரம், மருமகளுக்கு ஒரு நேரம், பிள்ளைகளுக்கு ஒரு நேரம். அதுக்கு முன்ன உங்க அண்ணாச்சிக்கு. அதுக்கும் முன்ன எங்க அப்பாவுக்கு. வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து நான் யாருக்காவது காப்பி போட்டுக்கிட்டேதாம்ட்டி இருக்கேன். ஒரு ரெண்டு நாளு, எனக்கு ஒருத்தர் காப்பி கொண்டாந்து தரணும், குடிச்ச டம்ளரைக் கழுவாம அப்படியே வச்சிட்டுப் படுக்கணும். இது ஒரு தப்பா?"

சண்டைக்கென்று சேர்த்துவைத்திருந்ததெல்லாம் கரைந்துபோனது. அழுகைதான் வந்தது. மதினியை நினைத்து அழுதேன் என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை. அன்று விடியற்காலையில் எழுந்து, இட்லி அவித்து, சாம்பார் வைத்து, பள்ளிக்கூட விடைத்தாள் திருத்தி, ஓட்டலுக்கு அலைந்து, மறுபடி சமைத்து வந்திருந்த என்னையும் நினைத்துத்தான் அழுதேன்.

மதினி போனை எடுத்துக் காப்பி சொன்னார். தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நல்ல காப்பி என்று சொல்ல முடியாது. ஆனால் நான் போடாதது. குடித்து முடித்ததும் என் கால் தன்னால் எழுந்து குழாயடிக்குப் போனது.

"வை கீழ" என்றார் மதினி.

டம்ளரை வைத்தேன். வைத்துவிட்டுப் படுத்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேனோ, கணவரின் போன்தான் எழுப்பியது.

"எப்ப வருத?"

"இன்னைக்கு நான் மதினி கூட இருக்கேன். நாளைக்குக் கட்டுற பட்டுச்சேலைய மட்டும் யார்கிட்டயாவது குடுத்துவிடுங்க."

"அப்போ எனக்குச் சாப்பாடு?" என்றார்.

"பெட்டிக்கிட்டக் கேளுங்க. நல்ல தமிழ்ல சொல்லித் தரும்."

கேட்டிருக்கிறார். அதுவும் ரசம் வைப்பது எப்படி என்று ஒரு பிழை இல்லாமல் சொல்லியிருக்கிறது. திரும்பவும் போன் வந்தது. "புளியை ஊற வைக்கச் சொல்லுது. புளி எங்க இருக்குன்னு கேட்டா மன்னிக்கவும்ங்குது. எங்கட்டி வச்சிருக்க?" நான் இடத்தைச் சொல்லிவிட்டுப் போனை அணைத்துவைத்தேன். மதினி கம்பளியை இழுத்து எனக்கும் சேர்த்துப் போர்த்தினார்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து மண்டபத்தில் பெண்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் பெரிய அத்தை. என் மாமனாரின் தங்கை. எங்கள் குடும்பத்தில் அவர் விசாரித்து முடித்த பிறகுதான் எதுவும் நடந்ததாகக் கணக்கு. மதினியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "எங்கட்டி எறங்கியிருக்க?" என்றார். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

மதினி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஓட்டல்ல அத்தை. நானும் அங்கதான் இருக்கேன்."

"நீயுமா? அப்ப வீடு?"

"வீட்டுல உங்க மருமகன் இருக்காக. அவிய பாத்துக்கிடுவாக."

அத்தை என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். தூரத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த தன் மகன்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த ரூம்ல கட்டில் எம்புட்டுப் பெருசு?"

சாப்பாடு முடிந்ததும், வட்டத்தில் இருந்த இன்னும் சிலரும் சேர்ந்துகொள்ள, எங்கள் அறையில் கட்டிலில் மூன்று பேர், தரையில் போர்வை விரித்து மூன்று பேர் படுத்திருந்தோம். கட்டிலில் சுவரோர இடம் பெரிய அத்தைக்கு. யாரும் கழுவாத காப்பி டம்ளர்கள் மேசை நிறைய இருந்தன. ஒருத்தி குறட்டை விட ஆரம்பித்திருந்தாள். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். அத்தையின் மூத்த மகன்.

"அம்மா இங்க இருக்காகளா? காப்பி போட ஆளில்ல, வீட்டுக்குக் கூப்பிட வந்தேன்."

எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அவர் கண்ணைத் திறக்கவில்லை. கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு, உள்ளேயிருந்தே சொன்னார்.

"இல்லன்னு சொல்லுங்கட்டி."