முதலில் தூரத்தை எழுதினேன்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் உடற்கல்வி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வீடு பிரேசர் டவுனில். அப்பா மாநில அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஓடறதுக்கும் குதிக்கிறதுக்கும் ஒரு படிப்பா? அதுவும் பொம்பளப் புள்ளைக்கு?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வார். அதனாலேயே எனக்கு வீம்பு அதிகம். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், பையில் தலையணை கனத்துக்கு உடலியக்கப் புத்தகம். யாராவது தும்மினால்கூட எந்தத் தசை சுருங்கியது என்று விளக்கம் சொல்லும் அளவுக்குத் தலைக்கனம்.

இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் கொடுத்தால் தாக்குப்பிடிக்கும் திறன் எவ்வளவு கூடுகிறது என்பது என் தலைப்பு. கல்லூரி மாணவிகள் முப்பது பேரைச் சேர்த்தேன். பதினைந்து பேருக்கு நான் பயிற்சி கொடுப்பேன். மற்றவர்கள் வழக்கம்போல் இருப்பார்கள். தொடக்கத்தில் ஒரு சோதனை, முடிவில் ஒரு சோதனை. பன்னிரண்டு நிமிடம் ஓட வேண்டும். நேரம் முடிந்ததும் விசில் ஊதுவோம். அவரவர் ஓடிய இடத்திலேயே நிற்க வேண்டும். ஓட்டப்பாதை ஓரத்தில் போட்ட குறிகளை வைத்து நாங்கள் தூரத்தை எழுதிக்கொள்வோம்.

நான் பயிற்சி கொடுத்த பதினைந்து பேரில் ஒருத்தி லிங்கராஜபுரத்துப் பெண். பி.காம் இரண்டாம் ஆண்டு. அப்பா இல்லை, அம்மா கார்மெண்ட்ஸில் தையல் மெஷினில் வேலை. எண்ணூறு மீட்டரில் பல்கலைக்கழகத்துக்காக ஓடியவள். ஓர் அரசு நிறுவனத்தில் விளையாட்டு வீரர்களுக்கான வேலைக்குத் தேர்வு ஓட்டம் வரப்போகிறது என்று காத்திருந்தாள். அது கிடைத்தால் நிரந்தர வேலை. அம்மா மெஷினை விட்டு எழுந்துவிடலாம். என் பயிற்சி அந்தத் தேர்வுக்கும் உதவும் என்று சொல்லி நான்தான் அவளை இழுத்து வந்தேன். முதல் எட்டு வாரத்தில் உதவவும் செய்தது. அவளுடைய நேரம் குறையக் குறைய எங்கள் இருவருக்கும் தரையில் கால் பாவவில்லை.

பத்தாவது வாரம், காலைப் பயிற்சி முடிந்து எல்லாரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் என்னிடம் வந்தாள்.

"அக்கா, மொழங்காலுக்குக் கீழ வலிக்குதுக்கா. நடந்தாகூட வலிக்குது."

உட்கார வைத்துக் கால் எலும்பை விரலால் அழுத்திப் பார்த்தேன். மேலே அழுத்தினேன், ஒன்றுமில்லை. கீழே அழுத்தினேன், ஒன்றுமில்லை. நடுவில் ஓர் இடத்தில் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

இதை நான் படித்திருந்தேன். கால் முழுக்க நெடுக வலித்தால் அது ஓடுகிறவர்களுக்கு வரும் சாதாரண வலி. எலும்பில் ஒரே ஒரு புள்ளியில் வலித்தால் அங்கே விரிசல் விழுந்திருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பரீட்சையில் இதே கேள்விக்கு முழுப் பக்கம் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடியது. இறுதிச் சோதனைக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. பத்து வாரம் பயிற்சி எடுத்தவளுக்குப் பதிலாகப் புதிதாக ஒருத்தியைச் சேர்க்க முடியாது. அதோடு, அந்தப் பதினைந்து பேரில் அதிகம் முன்னேறியவள் அவள்தான். அவள் போனால் என் அட்டவணையே சப்பென்று ஆகிவிடும்.

"ஷின் பெயின் தாம்மா, எல்லாருக்கும் வரும். ஐஸ் வெச்சு க்ரேப் பேண்டேஜ் சுத்திக்கோ, போயிடும்" என்றேன்.

"எக்ஸ்ரே கிக்ஸ்ரே எடுக்கணுமாக்கா? அம்மா கேட்டாங்க."

"சும்னே எதுக்கு பயப்படற? நான் இருக்கேன் இல்ல?"

நான் இருக்கிறேன் என்றதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. எக்ஸ்ரே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். அந்த முகத்தை இன்றும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு வாரமும் பேண்டேஜோடு ஓடினாள். கெட்டியான மண் மைதானம். நொண்டுவது தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்தேன்.

இறுதிச் சோதனை நாள். ஒன்பதாவது நிமிடத்தில் அவள் ஓட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிறுத்து என்று நான் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். "இன்னும் மூணே நிமிஷம்! விடாதே!" என்றுதான் கத்தினேன். அவளும் விடவில்லை. நேரம் முடிந்து நான் விசில் ஊதியதும் மற்றவர்கள் நின்றார்கள். அவள் காலை ஊன்றி நிற்கப் பார்த்தாள். ஓர் அலறல். அப்படியே விழுந்தாள்.

அடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் விழுந்த இடம் எந்தக் குறிக்குப் பக்கத்தில் என்று முதலில் பார்த்தேன். தூரத்தைக் கணக்குப் போட்டுத் தாளில் எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவளிடம் ஓடினேன். சில விநாடிதான் ஆகியிருக்கும். ஆனால் அந்தச் சில விநாடியில் நான் யார் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஆட்டோவில் அவள் காலை என் மடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக வலி என்று கன்னடத்தில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"இவத்தே சார்" என்றாள். இன்றைக்குத்தானாம்.

டாக்டர் நம்பவில்லை. இது ஒரு நாளில் உடைந்த எலும்பு இல்லை, முன்பே விரிசல் இருந்திருக்கிறது, உங்களிடம் இவள் சொல்லவே இல்லையா என்று என்னிடம் திரும்பினார். கழுத்தில் விசிலோடு நின்றிருந்த நான், இல்லை என்று தலையாட்டினேன். வேலையிலிருந்து பதறி ஓடி வந்த அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், நீங்க மட்டும் கூட இல்லேன்னா எம்பொண்ணு கதி என்னா ஆயிருக்கும்!" அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தேர்வு ஓட்டத்தன்று அவள் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். எலும்பு கூடியது. பழைய வேகம் திரும்பவில்லை. அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. என் ஆய்வேட்டை வாங்கிப் பார்த்த வெளித் தேர்வாளர், முப்பது பேரில் ஒருவர்கூட விலகவில்லை என்பதைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். முதல் வகுப்பில் தேறினேன். அப்பா கூட அன்றைக்கு ஸ்வீட் வாங்கி வந்தார்.

நாலைந்து வருடம் கழித்து, சந்தாபுராவில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தபோது, மாலையில் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். கழுத்தில் கார்மெண்ட்ஸ் அடையாள அட்டை. நடையில் லேசான இழுப்பு. ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அதற்குள் அவளே பார்த்துவிட்டாள்.

"அக்கா! நல்லாகீறீங்களா? உங்க புக்கு என்னாச்சு, பாஸா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"அய்யோ, நெஜமாவா! அதுல எம்பேரு இருக்காக்கா?"

ஆய்வேட்டில் யார் பெயரும் கிடையாது. வரிசை எண்ணும் தூரமும்தான். இருக்கிறது என்று சொன்னேன். அவள் கண்ணெல்லாம் சிரிப்பு. கூட வந்த பெண்ணிடம், "நான் ஓடனது புக்குல கீது தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அதன் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

இப்போது மாணவிகள் சின்னதாக முகம் சுளித்தாலும் பயிற்சியை நிறுத்திவிடுகிறேன். சக ஆசிரியர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவை எக்ஸ்ரே வேண்டாம் என்று சமாதானப்படுத்திவிட்டு, இந்த அக்கா படித்தவள், இவளுக்குத் தெரியும் என்று நம்பி ஒரு பெண் தன் காலை என் கையில் கொடுத்தாள். எல்லாம் தெரிந்துதான் நான் அவளை ஓடவிட்டேன்.